பச்சை எரிந்தால் ஏறாதே

அத்தியாயம் 9

மாலை ஐந்து மணி வரைதான் பொறுப்பேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் வேறு விதமாக எதையும் காட்டாவிட்டால், லாக்கப்பில் இருக்கும் இஸ்திரியம்மா மீது வழக்கு. தான் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட மனுஷன் தரையில் கிடந்து துடிக்க, தெரிந்தே போகாமல் இருந்தாள் என்று எழுதுவார்கள். அந்த மனுஷன் இன்னும் சாகவில்லை என்பது மட்டும்தான் அவளுக்கு மிச்சமிருந்த அதிர்ஷ்டம்.

இப்போது மணி பதினொன்று. டெஸ்டர் அவளுடைய அறையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் எப்போதும் குத்தி நிற்கும் டெஸ்டரால் அவருக்கு அந்தப் பெயர். கல் குவாரியில் இருபது வருஷம் மின்சார வேலை பார்த்தவர். கன்வேயர் பெல்ட் இடது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்ட பிறகு துப்பறிய வந்தார். கூட நின்ற அவருடைய உதவியாள் விசில், பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த பெண்மணி. வேலையை விட்டாள், விசிலை விடவில்லை. அது வீட்டுச் சாவியோடு சேர்ந்து கழுத்தில் தொங்கியது. இஸ்திரியம்மாவின் தங்கை நேற்று வந்து அழுதபோது, வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் தலையாட்டியது விசில்தான்.

தரைத்தளத்தில் ஒற்றை அறை. மேசை மேல் கருகிய போர்வை. அதன் மேல் மூன்று நாளாகச் சூடேறாத இஸ்திரிப் பெட்டி. ஓரத்தில் நான்கு குவியல் துணி, யார் யாருடையவையோ. ஒரு ஸ்டூல், ஒரு தட்டு, ஒரு டம்ளர். நெசவு ஆலையில் தறிச் சத்தத்துக்குள் நின்று நின்று அவளுக்குக் காது போய்விட்டிருந்தது. இடது காதுக்குள் கத்தினால் பாதி கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவளுக்குப் போன் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

அதனால்தான் சுவரில் அந்தத் தகரப் பெட்டி. அதில் இரண்டு சின்ன பல்புகள், நகப்பூச்சு தடவி ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

நான்காவது மாடியில் இருந்த கிரேன்காரர் செய்து மாட்டியது அது. துறைமுகத்துக் கிரேன்களில் முப்பது வருஷம் மின்சார வேலை பார்த்தவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாடிப்படி அவருக்கு மூடிய கதவு. மூன்று வருஷமாகக் கீழே இறங்கவில்லை. மகன் ஊரின் மறுகோடியில். மகன் கேட்டுக்கொண்டதன் பேரில் இஸ்திரியம்மா அவரைக் கவனித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் தினமும் ஏறினாள். அவளுக்கு முழங்கால் சரியில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அவரே ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் காலை ஏழு மணிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்துவார். பச்சை எரிந்தால் நான் நல்லா இருக்கேன், ஏறாதே. சிவப்பு எரிந்தால் உடனே வா. இரண்டும் எரியவில்லை என்றாலும் வா. மற்றபடி வாரம் இரண்டு நாள் துணிக்கும் தண்ணீருக்கும் வந்தால் போதும். சமையல் அவரே பார்த்துக்கொள்வார்.

விசில் கையில் இஸ்திரியம்மாவின் வாக்குமூல நகல் இருந்தது. ஸ்டேஷனில் அதைப் படித்து எல்லோரும் சிரித்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சிவப்பு எரிந்தது என்கிறாள் அவள். போட்டதைப் போட்டபடி விட்டு ஓடினாளாம். மேலே கிரேன்காரர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை. நான் பச்சையைத்தான் அழுத்தினேன் என்று சத்தியம் பண்ணுகிறார். அவள் டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு, அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்குகிறாள். அன்று மத்தியானத்திலிருந்து பச்சை விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்ததாம். புதன்கிழமை பூராவும் பச்சை. அண்ணன் இன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்து, பல்பைப் பார்த்துச் சிரித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். வியாழன் காலையில் எதுவும் எரியவில்லை. ஏறிப் போனாள். ஒரு பக்கம் கைகால் விளங்காமல், வாய் கோணி, தரையில் கிடந்தார். கையில் பொத்தான் பெட்டி. கட்டை விரல் சிவப்பின் மேல். பேட்டரி செத்திருந்தது.

மகன் சொல்வது எளிமையாக இருந்தது. அப்பா ஒன்றரை நாள் சிவப்பை அழுத்தியிருக்கிறார், அதனால்தான் பேட்டரி தீர்ந்தது, அவள் பார்த்துக்கொண்டு துணி தேய்த்திருக்கிறாள்.

"நல்லா இருக்கறப்ப சிவப்பாம், சாகக் கிடக்கறப்ப பச்சையாம்" என்றாள் விசில். "பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்ல வேணாமா, டெஸ்டரண்ணே?"

"அதான் நானும் யோசிக்கிறேன். பொய் சொல்றவ நம்புற மாதிரிதான் சொல்லுவா."

அவர் தகரப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். திருகாணித் தலைகளில் மூன்று வருஷத் தூசி இறுகிப்போயிருந்தது. சுவர்க் குழாயிலிருந்து இரண்டே இரண்டு கம்பிகள் உள்ளே வந்தன. எந்தக் காலத்திலோ அழைப்பு மணிக்காகப் புதைத்த குழாய். மூன்றாவது கம்பிக்கு அதில் இடமில்லை. இரண்டு பல்புகளும் அதே இரண்டு கம்பிகளில்தான் தொங்கின. ஆனால் ஒவ்வொரு பல்புக்கும் முன்னால் நெல் அளவில் ஒரு கறுப்புப் பொருள் பற்றவைத்திருந்தது. அதன் ஒரு முனையில் வெள்ளிக் கோடு. பச்சை பல்பில் கோடு இந்தப் பக்கம் பார்த்தது, சிவப்பு பல்பில் அந்தப் பக்கம்.

டெஸ்டருக்குக் குவாரி விட்ட பிறகு முதல் தடவையாக ஒரு வேலையைப் பார்த்துச் சந்தோஷம் வந்தது. சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டும். விசிலிடம் சொன்னார்.

அது டையோடு. கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும். கோடு இருக்கும் முனை வழியாக வெளியேறலாம், அந்த முனை வழியாக உள்ளே வர முடியாது. கிணற்று மோட்டாரின் புட்வால்வில் தண்ணீர் மேலே ஏறும், திரும்பி இறங்காது, அது மாதிரி. கிரேன்காரரின் பச்சைப் பொத்தான் பேட்டரியை ஒரு பக்கமாகக் கம்பியோடு சேர்க்கும். அப்போது பச்சை பல்பின் டையோடு திறக்கும், சிவப்பின் டையோடு மூடிக்கொள்ளும். சிவப்புப் பொத்தான் அதே பேட்டரியைத் தலைகீழாகச் சேர்க்கும். உடனே எல்லாம் மாறும். ஒரே பாதையில் இரண்டு சேதி.

"முன்வாசல்ல ஏறணும், பின்வாசல்ல எறங்கணும். மாத்தி வந்தா விசில்" என்றாள். "இதை நான் பதினெட்டு வருஷம் பண்ணினேன். ஒருத்தரும் எனக்கு வெள்ளிக் கோடு போடலை. அது சரி, அதுக்கு எப்படித் தெரியும் யாரை விடணும்னு?"

அவர் சொன்னார். "உள்ள ரெண்டு வகை சிலிக்கான் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணுல எலக்ட்ரான் மிச்சம். இன்னொண்ணுல காலி இடம் மிச்சம். சேர்ற இடத்துல இதும் இல்லாம அதும் இல்லாம ஒரு வெறும் பட்டை. சரியான பக்கத்துலேருந்து அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல தள்ளினாப் போதும், பட்டை சுருங்கி வழி விட்டுடும். தப்பான பக்கத்துலேருந்து தள்ளினா, தள்ளத் தள்ள பட்டை அகலமாகும்."

விசில் குனிந்து அந்த நெல்லைப் பார்த்தாள். "கிட்டப் போகப் போகத் தூரம் கூடுதா? என் வீட்டுக்காரர் இதுக்குள்ளதான் இருக்காரா?"

டெஸ்டர் மீட்டரை எடுத்து இரண்டு டையோடுகளையும் சோதித்தார். ஒரு பக்கம் வைத்தால் முள் எழுந்தது. புரட்டி வைத்தால் அசையவில்லை. இரண்டும் நல்ல நிலையில், இருக்க வேண்டிய திசையில் இருந்தன. தூசியைக் கலைக்காமல் இவற்றை யாரும் தொட்டிருக்க முடியாது. இஸ்திரியம்மா கீழே ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் விஷயம் மேலே.

நான்கு மாடி. ஏறி முடிக்க விசிலுக்கு ஆறு நிமிஷம் ஆனது. நடுவில் இரண்டு தடவை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறேன் என்றாள்.

கிரேன்காரரின் அறை கீழே பார்த்ததன் அச்சாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் கைப்பிடிகள் மட்டும் தேய்ந்து பளபளத்தன. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் குருட்டுச் சுவர். மூன்று வருஷம் அவர் பார்த்த காட்சி அதுதான். பொத்தான் பெட்டியைப் போலீஸ் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தது. செத்த பேட்டரி என்பதால் யாரும் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை.

டெஸ்டர் பையிலிருந்து புதிய ஒன்பது வோல்ட் கட்டைப் பேட்டரியை எடுத்து மாட்டினார். தகரப் பெட்டியோடு விசிலைக் கீழே அனுப்பலாம் என்று பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் அந்த எண்ணத்தை விட்டார். கீழிருந்து கழற்றி வந்த தகரப் பெட்டியை அங்கேயே கம்பி மாறாமல் இணைத்தார். மாறக் கூடாது என்பதற்காகக் கழற்றும்போதே ஒரு கம்பியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

பச்சைப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எரிந்தது.

சிவப்பை அழுத்தினார். பச்சை எரிந்தது.

விசில் இரண்டு பொத்தான்களையும் தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

இஸ்திரியம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஒன்றரை நாள் அந்த மனுஷன் வா வா என்று அழுத்தியிருக்கிறார். கீழே அது நல்லா இருக்கேன், ஏறாதே என்று எரிந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

"பேட்டரியைத் தலைகீழா மாட்டிட்டாங்களா?" என்று கேட்டாள் விசில்.

முடியாது என்றார். கட்டைப் பேட்டரியின் தலையில் ஒரு பெரிய பொத்தான், ஒரு சின்னப் பொத்தான். அதன் தொப்பி ஒரு விதமாகத்தான் உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் தவறாது. பெட்டியைத் திறந்தார். தொப்பியிலிருந்து வரும் சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் இரண்டையும் யாரோ வெட்டி, இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். ஈயம் புதுசாக மின்னியது. தெரியாமல் நடந்ததில்லை. தெரிந்து, உட்கார்ந்து, நிதானமாகச் செய்தது.

"மகன்தான்" என்றாள் விசில். "ஞாயித்துக்கிழமை புது பேட்டரி வாங்கிட்டு வந்தான்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான். சீட்டு கிழிச்சுக் குடுத்துடலாமா?"

அந்த மகனே அப்போது படியேறி வந்தார், அறையைப் பூட்டுவதற்காக. நாற்பது வயது, கசங்கிய சட்டை, மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கிய கண். டெஸ்டர் பொத்தான் பெட்டியை நீட்டி, இதில் பேட்டரியின் பிளஸ் எது, மைனஸ் எது என்று கேட்டார். அந்த ஆள் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய பொத்தான்தான் பிளஸாக இருக்கும் என்றார். தப்பு. தன் வீட்டு பல்பு மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர் என்பது அவர் பெட்டியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. பேட்டரியை உறை பிரிக்காமல்தான் கொடுத்தாராம். அப்பா தானே மாட்டிக்கொள்கிறேன் என்றாராம்.

எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று டெஸ்டர் கேட்டார்.

"பத்து நிமிஷம்." அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எப்படிப்பா இருக்கீங்கன்னேன். நல்லா இருக்கேன், நீ கிளம்புன்னாரு. எப்பவும் அதான் சொல்லுவாரு."

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் போன பிறகு டெஸ்டர் அறையைச் சுற்றி வந்தார். மின்விசிறியின் ரெகுலேட்டர், படுக்கை விளக்கு, பழைய ரேடியோ, எல்லாம் கிரேன்காரர் கைபட்டவை. ஒவ்வொரு இணைப்பிலும் கம்பியை மூன்று சுற்று சுற்றி, அதன் மேல் துவரம்பருப்பு அளவு ஈயம். கிரேன் குலுங்குகிற குலுக்கலில் இரண்டு சுற்று நிற்காது. அதற்காகப் பழகிய கை. பொத்தான் பெட்டியை மறுபடி திறந்தார். இடம் மாற்றிய ஒயர்களிலும் மூன்று சுற்று. துவரம்பருப்பு.

"அவரே தனக்குக் குழி வெட்டிக்கிட்டாரா?" விசிலின் குரல் இறங்கிவிட்டது. "எதுக்கு?"

டெஸ்டர் வாக்குமூலத்தை வாங்கி ஒரு வரியில் விரல் வைத்தார். டீ ஆறுவதற்குள் குடித்தேன். முழங்கால் வலியோடு நான்கு மாடி. பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். அவள் போய்ச் சேர்ந்தபோது டீ ஏற்கனவே ஊற்றி வைத்திருந்தது. ஸ்டவ் பக்கத்தில் இரண்டு டம்ளர்கள் நின்றன, அடியில் டீ காய்ந்து. ஒன்று நசுங்கி, கறுத்து, தினமும் புழங்கியது. மற்றது புதுசு. கடை விலைச்சீட்டு இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரும் வர மாட்டார்கள் என்று நினைக்கிறவன் இரண்டு டம்ளரில் டீ ஊற்ற மாட்டான்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மகன் கால்மாட்டில். கிரேன்காரருக்குப் பேச்சு இல்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது, வலது கை அசைந்தது. டெஸ்டர் பொத்தான் பெட்டியை அந்தக் கைக்குள் வைத்தார். அதோடு கம்பியால் இணைத்த தகரப் பெட்டியை விசில் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒயர் மாறியது பற்றி இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சொல்லவில்லை. கிரேன்காரரிடம் யாருமே சொல்லவில்லை.

"பச்சை பல்பு எரிஞ்சா ஆமா. சிவப்பு எரிஞ்சா இல்லை. சரியா, அண்ணே? நீங்க கிரேன்லதானே வேலை பார்த்தீங்க?" என்று டெஸ்டர் கேட்டார்.

கட்டை விரல் பச்சைப் பொத்தானைத் தாண்டிப் போய்ச் சிவப்பை அழுத்தியது. பச்சை பல்பு எரிந்தது.

கை தடுமாறித் தப்பாக அழுத்துகிறார் என்றார் இன்ஸ்பெக்டர். விரலைப் பார்க்காதீர்கள், பல்பைப் பாருங்கள் என்றார் டெஸ்டர். அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தப் பெட்டியின் ஒயரை உங்கள் மகன் தொட்டாரா? விரல் பச்சைக்கு வந்தது. சிவப்பு எரிந்தது. இல்லை.

"இஸ்திரியம்மா தொட்டாங்களா?"

சிவப்பு. இல்லை.

டெஸ்டர் கொஞ்சம் குனிந்தார். மூன்றாவது கேள்வியைக் கேட்க அவருக்கே கஷ்டமாக இருந்தது. கேட்காவிட்டால் ஒருத்தி லாக்கப்பில் இருப்பாள். "நீங்கதான் மாத்தினீங்களா, அண்ணே?"

வெகு நேரம் எதுவும் எரியவில்லை. கிரேன்காரர் மகனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். விரல் சிவப்புக்கு நகர்ந்தது. பச்சை.

இன்ஸ்பெக்டருக்கு இப்போது புரிந்துவிட்டது. கிடைத்த பொத்தானை அழுத்துகிற ஆள் இல்லை இது. எந்தப் பொத்தானுக்கு எது எரியும் என்று தெரிந்து, தலைகீழாக அழுத்துகிற ஆள். ஒயரை மாற்றியது தெரிந்தவருக்குத்தான் அது முடியும். ஆனால் ஏன் என்று கேட்டார்.

டெஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சும்மா சிவப்பை அழுத்தினா பொய். அவர் பொய் சொல்ற ஆள் இல்லை. பச்சையை அழுத்தினா அவங்க வர மாட்டாங்க. அந்த ஏற்பாட்டைப் பண்ணினதே அவர்தான். நல்லா இருக்கேன்னும் சொல்லணும், ஒரு ஆளும் மேல வரணும். அதுக்கு இது ஒண்ணுதான் வழி."

ஒரு காலை. ஒரு டீ. அரை மணி நேரப் பேச்சு. ஒருவேளை அன்று சாயங்காலமே திருப்பி மாற்றிவிடலாம் என்று நினைத்திருப்பார். மத்தியானம் விழுந்தார். விழுந்தவனின் விரல் மூன்று வருஷப் பழக்கத்தில் சிவப்புக்குத்தான் போகும். தான் மாற்றிய ஒயர் தரையில் கிடந்தபோது நினைவுக்கு வந்ததா, எப்போது வந்தது என்று டெஸ்டர் கேட்கவில்லை. அதற்குப் பச்சையிலும் சிவப்பிலும் பதில் கிடையாது.

மகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தாண்டியும் எழவில்லை.

இஸ்திரியம்மாவை ஐந்தரைக்கு விட்டார்கள். அவளுக்கு விஷயத்தைச் சொல்வது விசிலின் பொறுப்பானது. இடது காதில் வாயை வைத்து, நெரிசல் பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பைச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவள் அழுவாள் என்று டெஸ்டர் எதிர்பார்த்தார். அவள் அறைக்கு வந்து மேசையின் போர்வையை உதறி விரித்தாள். சுவரில் தகரப் பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகளைப் பார்த்தாள்.

ஒயரைப் பழையபடி மாற்றிப் பற்றவைத்துத் தருகிறேன் என்று டெஸ்டர் கையால் காட்டிச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம். அவர் திரும்பி வரட்டும். இனி எது எரிஞ்சாலும் நான் ஏறுவேன்." காது கேட்காதவர்களின் உரத்த குரலில் சொன்னாள். "அப்புறம் எதுக்கு ரெண்டு நிறம்?"

டெஸ்டர் யோசித்தார். பிறகு இரண்டு டையோடுகளையும் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவை இருந்த இடத்தில் வெறும் கம்பியை மூன்று சுற்று சுற்றினார். பெட்டியைச் சுவரில் மாட்டி, விசிலிடம் சாவியையும் பொத்தான் பெட்டியையும் கொடுத்து, மேலே போய்க் கம்பியில் மாட்டி அழுத்தச் சொன்னார். அவள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். ஆறு நிமிஷம் கழித்து இரண்டு பல்புகளும் சேர்ந்து எரிந்தன. அணைந்தன. மறு பொத்தான். மறுபடி இரண்டும் எரிந்தன. இனி அந்தக் கம்பியில் ஒரே ஒரு சேதிதான் போகும். இஸ்திரியம்மா பார்த்துத் தலையசைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

பஸ் நிறுத்தத்தில் விசிலின் பஸ் முதலில் வந்தது. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"நீங்க நல்லா இருக்கீங்களா, டெஸ்டரண்ணே?"

"நல்லா இருக்கேன். நீ கிளம்பு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. பஸ் போய்விட்டது. சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவினார். மூன்று விரலுக்கு நடுவில் இரண்டு நெல்லும் அகப்பட்டன.